ஆர்லோவும் தேதி போன காசுகளும்

என் வீட்டுக்காரர் ஆர்லோ ஹாஸ்கின்ஸைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: எடையில் ஏமாற்றாத மனுஷன். ஆஷ் க்ரீக் தானியக் கிடங்கின் எடை மேடையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தார். லாரி வந்து ஏறும், முள் ஆடி நிற்கும், அது நின்ற இடத்தை எழுதுவார். முதலாளிக்காக ஒரு பவுண்டு குறைத்ததில்லை, மச்சானுக்காக ஒரு பவுண்டு கூட்டியதுமில்லை. மச்சான் என்றால் என் சொந்தத் தம்பி. ஈரச் சோளத்தை ஏற்றிக்கொண்டு வந்து, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று கண்ணடித்தவனை, நாலு பேர் முன்னாலேயே ஈரத்துக்குக் கழித்து எழுதி அனுப்பினார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தம்பி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனால் இப்படி ஒருத்தரோடு குடித்தனம் நடத்துகிறோம் என்று உள்ளுக்குள் கர்வமும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவர் வாழ்நாளில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பொய் சொன்னார். அதைச் சொல்லச் சொன்னவள் நான்.

கிடங்குத் தூசி யாரையும் சும்மா விடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் இரண்டும் பழைய கோணி மாதிரி ஆகிவிட்டது, இனி அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டோடு வந்து உட்கார்ந்தார். ஆம்பளை நாள் முழுக்க வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று கல்யாணமான பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதம் என் உப்பு ஜாடியையும் சர்க்கரை ஜாடியையும் உயர வரிசைப்படி அடுக்கி வைத்தார். இரண்டாம் மாதம் நான் அழுதேன். மூன்றாம் மாதம் அவருக்குக் காசுப் பைத்தியம் பிடித்தது, எனக்கு விடுதலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் பாதி அமெரிக்காவுக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. நீல அட்டை ஆல்பம் ஒன்று கடையில் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு ஓட்டை. பேங்குக்குப் போய்க் காகிதத்தில் கட்டிய சில்லறையைச் சுருள் சுருளாக வாங்கி வந்து, பிரித்துப் பார்த்து, வேண்டியதை ஓட்டையில் அமுக்கிவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. ஆர்லோவுக்குப் பிடித்தது எருமைக் காசு. ஒரு பக்கம் செவ்விந்தியன் தலை, மறுபக்கம் காட்டெருமை, ஐந்து சென்ட். முப்பத்தெட்டிலேயே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் கல்லாப்பெட்டிகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை வடிவமைத்த புண்ணியவான் வருஷத்தைக் கொண்டுபோய் இந்தியனின் தோளில், மேடான இடத்தில் வைத்துவிட்டான். காசில் முதலில் தேய்வது அந்த இடம்தான். பத்துப் பதினைந்து வருஷம் கைமாறினால் எருமை இருக்கும், இந்தியன் இருப்பான், வருஷம் மட்டும் போயிருக்கும்.

வருஷம் இல்லாத காசுக்கு ஆல்பத்தில் இடமில்லை. ஆர்லோவுக்கு அது பொறுக்கவில்லை. யாரோ சொல்லி, தபாலில் ஒரு சின்ன பாட்டில் வரவழைத்தார். காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு அமிலம். தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டு வைத்துக் காத்திருந்தால், போன வருஷம் நிழல் மாதிரி எழுந்து வரும். காசு அடிக்கும்போது அச்சு விழுந்த இடத்தில் உலோகம் இறுகிப் போயிருக்கும், மேலே தேய்ந்தாலும் அந்த இறுக்கம் அடியில் இருக்கும், அமிலம் இறுகின இடத்தை ஒரு மாதிரியும் இறுகாத இடத்தை வேறு மாதிரியும் அரிக்கும் என்று எனக்கு விளக்கினார். நான் கேட்டது, என் மேஜை விரிப்பில் விழுந்த ஓட்டைக்கு யார் பதில் சொல்வது என்று.

அசல் சேகரிப்பாளர்களுக்கு இந்த வேலை பிடிக்காது. அமிலம் பட்ட இடம் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிடும், அந்தக் காசுக்குச் சந்தையில் ஐந்து சென்டுக்கு மேல் மதிப்பில்லை. சில காசுகளில் வந்த வருஷம் கொஞ்ச நாளில் திரும்பவும் மங்கிவிடும். அதெல்லாம் ஆர்லோவுக்குக் கவலையில்லை. வருஷம் என்னவென்று தெரிந்தால் போதும். அறுபத்து நாலு ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சியில் ஊறுகாய் ஜாடிகளுக்கும் தையல் போர்வைகளுக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு, எல்லார் முன்னாலும் வருஷம் வரவழைத்துக் காட்டினார். கூட்டமான கூட்டம். பரிசாக ஒரு சிவப்பு ரிப்பன்கூடக் கொடுத்தார்கள். அந்த வாரத்திலேயே ஊரில் பாதிப் பேர் அந்த பாட்டிலுக்குத் தபால் எழுதிவிட்டார்கள்.

அந்த மேஜைக்குத்தான் தெக்லா ப்ருன்ஸ் வந்தாள்.

தெக்லா எங்கள் சர்ச்சுக்காரி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் நியூயார்க்கிலிருந்து அனாதைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த ரயிலில் வந்தவள். டவுன் ஹாலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள், வேண்டியவர்கள் வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ப்ருன்ஸ் தம்பதி இவள் கையை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கூட்டிப் போனார்கள். நாலு வயதோ ஐந்து வயதோ, அவளுக்கே தெரியாது. தெக்லா என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். அடித்தார்கள் என்று அவள் சொன்னதில்லை. அந்த வீட்டுக் கிழவி ஒரு நாள்கூடத் தலையைத் தடவிக் கொடுத்ததில்லை என்று மட்டும் ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள், போர்வை தைக்கும்போது, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு ஞாபகம். ரயிலில் வரும்போது கோட்டின் ஓரத்தில் வட்டமாக, கெட்டியாக ஏதோ தைத்திருந்தது. பசிக்கும்போது அதைத் துணியோடு கடித்துக்கொண்டே வந்தாள். நாற்பத்து நாலில் ப்ருன்ஸ் கிழவி படுத்த படுக்கையாக இருந்தபோது, கைக்குட்டை முடிச்சு ஒன்றை இவளிடம் கொடுத்தாள். உன் கோட்டில் இருந்தது, எடுத்து வைத்திருந்தேன் என்றாள். உள்ளே ஒரு எருமைக் காசு, வருஷம் தேய்ந்து போனது. அன்றிலிருந்து அது தெக்லாவின் பாக்கெட்டிலேயே இருந்தது. சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது அவள் கை பாக்கெட்டுக்குள் போகும். கட்டைவிரல் அந்தக் காசைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பெற்றவள் யாரென்று தெரியாது, முகம் தெரியாது, பேர் தெரியாது. ஆனால் பிள்ளையை ரயில் ஏற்றும்போது வெறுங்கையாக அனுப்பவில்லை, ஊசி நூல் எடுத்து ஒரு காசைத் தைத்து அனுப்பியிருக்கிறாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் தெக்லா நிமிர்ந்து நடந்தாள் என்று நான் நினைக்கிறேன்.

கண்காட்சியில் அவள் மேஜை ஓரமாக வெகுநேரம் நின்றாள். எல்லாக் காசுக்கும் இப்படி வருமா என்று கேட்டாள். ஆர்லோ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, எல்லாத்துக்கும் வரும், உன்னுடையதைக் கொண்டு வா என்றேன். எனக்கு என்ன வந்தது? சிவப்பு ரிப்பன் தலைக்கேறிவிட்டது, வேறென்ன. ஆர்லோதான் நிதானமாக, தழும்பு விழும், திரும்ப மங்கிப் போனாலும் போகும் என்று எச்சரித்தார்.

“விக்கவா போறேன்?” என்றாள் தெக்லா. “எங்கம்மா கையில இருந்தது எந்த வருஷத்துக் காசுன்னு தெரிஞ்சாப் போதும் ஆர்லோ. அவளப் பத்தித் தெரிஞ்சதா ஒண்ணாவது இருக்கும்.”

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்தாள். கூட இருந்து பார் என்று சொன்னேன், மாட்டேன் என்றாள். கைக்குட்டையோடு மேஜையில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று வேகமாகப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் ஆர்லோ வேலையை ஆரம்பித்தார். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பல்குச்சியின் நுனியால் இந்தியனின் தோளில் ஒரு சொட்டு வைத்தார். நான் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வெல்டா, இங்கே வா என்றார். குரலே சரியில்லை. போய்ப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒன்று, ஒன்பது, அதற்கடுத்து இரண்டு. கடைசி எண் இன்னும் எழவில்லை. அவள் வந்தது இருபதில்தானே, இருபதாகக்கூட இருக்கலாமே என்றேன். அவர் இன்னொரு சொட்டு வைத்தார். இரண்டு பேரும் பூதக்கண்ணாடி மேல் குனிந்தோம். எழுந்து வந்தது ஏழு.

இருபத்தேழாம் வருஷத்துக் காசு. இருபதில் வந்த பிள்ளையின் கோட்டில் அது எப்படி இருக்கும்?

அமிலத்தைக் கழுவிவிட்டுக் காசைத் துணியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தே இருந்தார். நான் ஆப்பிளைத் தொடவில்லை. கோட்டில் இருந்த உண்மையான காசு எங்கே போனதோ, கிழவனோ கிழவியோ செலவழித்திருப்பார்கள். கிழவி சாகும்போது வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? எண் எண்தான், உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் ஆர்லோ. முப்பத்தொரு வருஷப் பழக்கம் பேசியது.

“இது ஒண்ணும் சோளம் இல்ல ஆர்லோ, ஈரத்துக்குக் கழிச்சு எழுத,” என்றேன். “உன் டப்பாவுல நானூறு காசு கெடக்கு. ஒண்ணை எடுத்துக் குடு. அவ சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்.”

வெகுநேரம் யோசித்தார். பிறகு டப்பாவைக் கவிழ்த்தார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். தெக்லாவின் காசில் எருமைக்குக் கீழே, டென்வர் நாணயச் சாலையில் அடித்ததற்கான ஒரு எழுத்து இருந்தது. அதே எழுத்து, அதே அளவு தேய்மானம், ஏற்கெனவே அமிலம் வைத்து வருஷம் வந்தது என்று தேடித் தேடி, பதினேழாம் வருஷத்துக் காசு ஒன்றைப் பிடித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினார். வருஷத்தைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை என்றார். எனக்கும் தெரியவில்லை. காசு சேர்ப்பவர்களின் கண் அப்படித்தான். அச்சு ஒன்று, எழுத்து ஒன்று, தேய்மானம் ஒன்று என்றால் அவர்களுக்கு இரண்டும் ஒரே காசு. இதற்குப் பதில் அது என்று மாற்றிக்கொள்வார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

திங்கட்கிழமை தெக்லா வந்தாள். தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைக் கவுன் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆர்லோ அந்த முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பதினேழு என்றார். அவள் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். காசை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள், கட்டைவிரல் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. பிறகு நின்றது. திரும்ப ஒரு தடவை, மெதுவாகத் தடவியது. முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது போய்விட்டது. ரொம்ப நன்றி என்றாள். நான் தட்டில் வெட்டி வைத்த ஆப்பிள் பை பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஆர்லோவுக்கு அதைவிட. அந்த இருபத்தேழு வீட்டில் இருக்கும் வரைக்கும் தனக்குத் தூக்கம் வராது என்று எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, தொலைத்துவிட்டேன் என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவள் வந்து நின்றாள், பள்ளிக்கூடச் சமையல் ஏப்ரனோடு. உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றாள். கையை நீட்டினாள். பதினேழாம் வருஷத்துக் காசு அதில் இருந்தது.

“இது என்னுது இல்ல ஆர்லோ.”

அவருக்குப் பொய்யைத் தொடரத் தெரியவில்லை. முதல் பொய்க்கே பழக்கமில்லாதவர், இரண்டாவதுக்கு எங்கே போவார்? ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அதே எழுத்து, அதே தேய்மானம் பார்த்துத்தான் எடுத்தேன் என்று வேறு சொன்னார், பாவம், அதைச் சொன்னால் ஏதோ சரியாகிவிடும் என்பது போல. தெக்லா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தன் காசில் வந்த வருஷம் என்ன என்று கேட்டாள். இருபத்தேழு என்றார்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் நாற்காலி எடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கிழவியின் பர்ஸில் எப்போதும் நல்ல காசுகள்தான் இருக்கும், தேய்ந்ததை முதலில் செலவழித்துவிடுவாள் என்று யாரிடமோ சொல்வது போல முணுமுணுத்தாள்.

“அப்ப வேணும்னே தேடியிருக்கா,” என்றாள். “வருஷம் தெரியாத காசாப் பாத்துத் தேடி எடுத்திருக்கா. எனக்குத் தெரியக் கூடாதுன்னு. அந்தக் கிழவி.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “எனக்காக உக்காந்து தேடியிருக்கா, வெல்டா.”

இருபத்து நாலு வருஷம் தலையைத் தடவாத கை, சாகும்போது இவளுக்காகச் சில்லறையைக் கிளறியிருக்கிறது. பெற்றவளின் காசு இல்லைதான். ஆனால் யாரோ ஒருத்தி தந்த காசுதானே அது?

பிறகு தெக்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, அதைக் கொடுங்கள் என்றாள். வருஷம் எதுவானாலும் பரவாயில்லை, இருபது வருஷம் என் கையில் இருந்தது, கொடுங்கள்.

ஆர்லோ என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“பார்க்கிங் மீட்டர்ல போட்டுட்டேன்,” என்றார்.

“எந்த மீட்டர்?” என்றாள் தெக்லா உடனே, போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது போல.

கோர்ட்டுக்கு எதிரில், கார் நிறுத்தக் காசு போடும் மீட்டர். அமிலம் பட்ட இருபத்தேழு, அவர் கணக்கில் ஐந்து சென்டுக்கு மேல் மதிப்பில்லாத காசு. எங்கள் காரைக்கூட அங்கே நிறுத்தியிருக்கவில்லை. சும்மா நடந்து போய்ப் போட்டிருக்கிறார், இன்னொருவரின் மீட்டரில். செவ்வாய்க்கிழமை நகராட்சி ஆள் வந்து பெட்டியைக் காலி செய்துவிட்டான். புதன்கிழமை அவர் மூச்சு வாங்க ஓடியபோது பேங்கில் எல்லாவற்றையும் சுருள் கட்டிக் கல்லாக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆர்லோவின் வாழ்க்கை அது ஒன்றுதான். ஆல்பத்தை மூடி அலமாரி மேல் போட்டார். வாரா வாரம் பேங்கில் சுருள் வாங்குவார், கடைக்காரர்களிடம் கெஞ்சிக் கல்லாவைக் கவிழ்த்துப் பார்ப்பார். கண்காட்சிக்குப் பிறகு ஊரெங்கும் அமிலம் வைத்துப் பார்த்து வேண்டாமென்று செலவழித்த காசுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அத்தனையிலும் தழும்பு, பாதியில் வருஷம் திரும்ப மங்கல். ஒவ்வொன்றுக்கும் மறுபடி சொட்டு வைப்பார். இருபத்தேழும் டென்வர் எழுத்தும் சேர்ந்து வந்தால் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைப்பார். ஆனால் அதுதானா என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்த்தது எண்ணையும் எழுத்தையும் மட்டும்தான். அந்தக் காசைத் தெரிந்தது ஊரிலேயே ஒரு கட்டைவிரலுக்கு.

அதனால் இருபத்தேழு கிடைத்தபோதெல்லாம் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு தெக்லாவின் வீட்டுக்கு நடப்பார். நாலு தெரு. அவள் காப்பி ஊற்றிக் கொடுப்பாள், காசை வாங்கி, கண்ணை மூடித் தடவிப் பார்ப்பாள். இல்லை என்பாள். கோபம் இல்லை, சடைத்துக்கொள்வதும் இல்லை. அவரைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் ஒரு தடவை போய், என்னைத் திட்டு, யோசனை என்னுடையது என்று சொன்னேன். தெரியும் என்றாள், அவ்வளவுதான். அதன் பிறகு நான் போர்வை தைக்கும் நாட்களில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை, இடம் இருந்தாலும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அவள் வேண்டாமென்று சொன்ன காசுகள் இருமல் மிட்டாய் டப்பா ஒன்றில் சேர்ந்தன. ஆர்லோவுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. நாலு தெருவுக்கு நாலு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் கேட்கமாட்டார். உதடு நீலமாகித் திரும்பி வருவார். போதும், அவளே கேட்பதை விட்டுவிட்டாள் என்று நான் கத்தியிருக்கிறேன். அவள் கேட்கவில்லை என்பதற்காக என் பிழை சரியாகிவிடுமா என்பார்.

அறுபத்தாறு அக்டோபரில் கடைசியாகப் போனார். அவரால் எழுந்து எடுக்க முடியாததால், டப்பாவிலிருந்து காசை எடுத்து உறையில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அன்று என் பிடிவாதம் ஜெயித்தது, காரில் கூட்டிப் போனேன். வாசற்படி ஏற அவருக்கு ஐந்து நிமிஷம் ஆனது. தெக்லா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாற்காலியில் சாய்ந்து, பேச முடியாமல் உறையை மட்டும் நீட்டினார். அவள் காசை எடுத்துக் கண்ணை மூடித் தடவினாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள்.

“இதுதான்,” என்றாள். “கெடச்சிருச்சு ஆர்லோ. இதுதான்.”

மூடிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆர்லோ தலையை ஆட்டினார். சந்தோஷம் என்றார். காப்பியை முழுதும் குடித்தார். தெக்லா அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பாரம் இறங்கிய முகமாக இல்லையே என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன்.

“நீ டப்பா மாத்தி எடுத்துட்ட வெல்டா,” என்றார் மெதுவாக. “அவ கையில எடுக்கும்போதுதான் பாத்தேன். எருமைக் கொம்புல வெட்டு இருந்துச்சு. மார்ச் மாசமே அவ இல்லன்னு தள்ளுன காசு அது.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அப்படியானால் அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்காமலேயே பதில் சொன்னார்.

“என்னத்தச் சொல்றது? அவ குடுத்தா. வாங்கிட்டு வந்துட்டேன்.”

அதன் பிறகு அவர் பேங்கில் சுருள் வாங்கவில்லை. அமில பாட்டிலை நானே குப்பையில் போட்டேன். ஜனவரியில், பனி முட்டிக்கால் உயரம் இருந்த ஒரு வாரத்தில், மூச்சு நின்றுபோனது. கடைசி வரைக்கும் அந்தக் காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிடங்குக்காரர்கள் வந்திருந்தார்கள், என் தம்பி வந்திருந்தான். எடையில் ஏமாற்றாத மனுஷன் என்று ஆளுக்கொரு தடவை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். தெக்லா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் போய்த் துடைக்கத் துணியை எடுத்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பக்கத்தில் நிற்கிறேன்.

“நம்பினாரா?” என்று கேட்டாள், தட்டைப் பார்த்தபடியே.

“நம்பினார்,” என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்வையை எடுக்கவில்லை. பிறகு அவள் கழுவிய தட்டை என்னிடம் நீட்டினாள், நான் வாங்கித் துடைத்தேன்.